காலண்டர் அட்டைப் பியானோ

நேற்று உழவர்கரையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளின் டொக் டொக் மட்டும்தான். சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பெரியப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

சேதராப்பட்டு கம்பெனி வேலையை உதறிவிட்டு, முத்தியால்பேட்டை வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தருகிறேன் என்று நான் உட்கார்ந்த வருஷம் அது. இருந்தது ஆறே பிள்ளைகள். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். ஒரு புள்ள கொறஞ்சாலும் மறுநாளே நீ கம்பெனிக்குக் கெளம்பிடணும்."

பியானோ, பிரான்சுக்கே போய்விட்ட ஒரு சொல்தா வீட்டுடையது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எங்களூரில் அப்படித்தான் சொல்வோம். ஐப்பசி மழையும் கடல்காற்றும் சேர்ந்து அதன் மரம் ஊதிப்போயிற்று. அமுக்கிய கட்டை அமுங்கியபடியே கிடக்கும், சத்தம் வராது. சென்னை ரிப்பேர்க்காரரோ, "இதோ வந்துட்டே இருக்கேன் சார்" என்று போனிலேயே மார்கழி வரை வந்துகொண்டிருந்தார்.

பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களே! பழைய காலண்டர் அட்டைகளில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். வீட்டில் பழகவும் அதுவேதான். "வெரல நீங்க வைங்க, சத்தத்த நான் போடுறேன்" என்றேன். அவர்கள் அமுக்க அமுக்க நான் பாடினேன். வெளியே மூச்சுவிடக் கூடாதென்று மாதா மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா என்று ஆறு வயது வாண்டு. வலது ஓரக் கடைசிக் கட்டையை அமுக்கினால் சார் வீறிடுவார் என்று முதலில் கண்டுபிடித்தது அவள்தான். விடுவாளா? இடது ஓரத்துக்கு எருமை மாதிரி உறுமினேன். ஒருநாள் அமுக்கிய விரலை எடுக்கவே இல்லை. எனக்கு மூச்சு முட்டியது.

"வெரல எடு தாயே!"

"நாலு எண்ணுற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க அப்பாவே எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டுவிட்டார். ரிப்பேர்க்காரர் வரவில்லை. வேறு வழியில்லை, அட்டையையே வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று துணிந்தேன். காலையெல்லாம் ஒத்திகை பாடியதில் என் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. ஜெசிந்தா அட்டையை மடியில் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. போச்சுடா! அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் தலையைத் திருப்பி, "அப்பா, நீ பாடு" என்றாள். லேத் பட்டறையில் வேலை செய்கிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு எழுந்து, கண்ணை மூடி, ஒரு இடம் பிசகாமல் பாடினார். அடுத்த பிள்ளைக்கு அவன் அம்மா பாடினாள். ஆறு வீட்டிலும் யாராவது ஒருத்தர் இரண்டு மாதமாகப் பியானோவாக இருந்திருக்கிறார்கள்! "பாப்பா திருத்தித் திருத்திச் சொல்லிக்குடுத்துச்சு சார். வேல முடிஞ்சு வந்து பாடுறது நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜெசிந்தாவின் அப்பா, கூச்சத்தோடு. என் அப்பா அதற்கப்புறம் கம்பெனிப் பேச்சையே எடுக்கவில்லை.

தையில் ரிப்பேர்க்காரர் ஒருவழியாக வந்துசேர்ந்தார். வீட்டுக்கு வீடு சின்ன கீபோர்டும் வாங்கச் சொன்னேன், அதுதானே முறை என்று. கொஞ்சநாள் கழித்துக் கடைத்தெருவில் ஜெசிந்தாவின் அப்பாவைப் பார்த்தேன்.

"இப்பல்லாம் பாடுறீங்களா?"

"எங்க சார், அதான் பொட்டி வந்துருச்சே. வாயத் தொறந்தா, 'சும்மா இருப்பா'ன்னுது பாப்பா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வீட்டுப் பாட்டையும் நிறுத்திய புண்ணியவான் நான்தான்.