கஃபேயின் வாய்

“...ரத்தத்துலயே வந்துருக்குங்க, பழக்கத்துல வந்ததில்ல. இழுத்து வெளாண்ட நாய்க்குத்தான் வாய் இப்புடி ஆவும். என் வீட்ல யாரும் அப்புடி வெளாடல. தம்பியக் கேட்டேன், இல்லன்னுட்டாரு. தம்பி பொய் சொல்ற ஆளில்ல.”

சொன்னவர் மதாம் ரோசலி. கேட்டுக்கொண்டிருந்தவர் நீலகிரியிலிருந்து வந்த ஒரு தேயிலைத் தோட்டக்காரர். அந்தத் தம்பி நான்தான்.

போன மாதம் தருமபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய நாய்க்குட்டியோடு மாப்பிள்ளை துண்டு இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை குட்டியின் வாயில். அது உறுமுகிறது, வீடே சிரிக்கிறது. நான் மட்டும் காபி டம்ளரை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். “என்ன மாமா, நாய்ன்னா பயமா?” என்றார் மாப்பிள்ளை. ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

அது முழுப் பொய்யுமில்லை. திருமலைராயன்பட்டினத்தில் தபால்காரனாகச் சேர்ந்த புதிதில், தெரு நாய்களைக் கண்டால் இரண்டு காலையும் சைக்கிள் ஹாண்டில்பார்மேல் தூக்கி வைத்துக்கொண்டு போவேன். பார்த்தவர்கள் கைதட்டியதும் உண்டு. மதாம் வீட்டு நாய்கள் மட்டும் குரைக்காது. வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கும். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

மதாமின் அப்பா, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த நாளில், உள்ளான் குருவி சுடப்போகும் துரைமார்களுக்கு நாய் பழக்கிக் கொடுத்தவர். சுட்ட பறவையைத் தண்ணீரிலிருந்து கவ்வி வரும் ஸ்பானியல் நாய்கள். துரைமார் கப்பலேறினார்கள். பிறகு வேட்டைக்கே தடை வந்தது. மதாம் மட்டும் அந்த வம்சத்தை விடவில்லை. வைக்கோல் அடைத்து வாத்து இறகு தைத்த பொட்டலத்தைக் குளத்தில் எறிவார். வெடிச்சத்தத்துக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைத் தட்டுவார். “துப்பாக்கியே இல்லாத ஊர்ல இதுங்களுக்குப் பள்ளிக்கூடமா?” என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். “துப்பாக்கிதான இல்ல, நாய்க்கு மூக்கு இருக்குல்ல?” என்பார் மதாம். பட்டாளத்திலிருந்த கணவர் இறந்தபின் பிரான்சிலிருந்து தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். “என் நாய்ங்களுக்கு யாரு பாஸ்போர்ட் குடுப்பா?” அவ்வளவுதான் பதில்.

ஈர நாயின் வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு முட்டைதான் ஞாபகம் வரும். குட்டிக்கு ஆறு மாதமானால், கொல்லைக் கோடியில் கிடக்கும் பச்சை முட்டையைக் கவ்வி வந்து ஓட்டில் விரிசல் விழாமல் கையில் போடவேண்டும். அந்த முட்டையை ஆம்லெட் போட்டு எனக்கே கொடுப்பார். “கழுவிட்டேங்க, சாப்புடுங்க” என்பார். சாப்பிட்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கும்.

வாய் பஞ்சு மாதிரி இருக்கவேண்டும் என்பது மதாமின் சட்டம். “அது வாயில இருக்கறத இழுக்கவே கூடாது தம்பி. கைய நீட்டி ‘தொன்’னு சொல்லணும், கொடுன்னு அர்த்தம். தானா போடற வரைக்கும் நிக்கணும். நாம இழுத்தா அதுவும் இழுக்கும். அப்புறம் கடிச்சே புடிக்கும்.”

சுனாமிக்கு முந்தைய வருடம். லூனா என்ற தாய்நாய் போட்ட குட்டிகளில் காபி நிறத்தில் ஒன்று, பெயரும் கஃபே. வம்சம் தொடர மதாம் வைத்துக்கொண்ட ஒரே ஆண். அவர் கண் ஆபரேஷனுக்குப் பாண்டிக்குப் போனபோது பத்து நாள் கஃபேயை என்னிடம் விட்டுப்போனார். முதல் முறையாக ஒரு நாய் என்னைக் கண்டு வாலாட்டியது. தலைகால் புரியவில்லை எனக்கு. தெருவே பார்க்கட்டும் என்று, சாயங்காலமானால் வாசலில் நின்று துண்டின் ஒரு முனையை அதன் வாயில் கொடுத்து இழுத்தேன். பத்து நாளும் இழுத்தேன். சட்டம் தெரியாமலில்லை. சின்னக் குட்டிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த மதாம், கறுப்புக் கண்ணாடியோடு, கஃபே கவ்வி வந்த முட்டையைத் தடவிப் பார்த்தார். ஓட்டில் விரிசல் விழுந்திருந்தது.

“நான் இல்லாதப்ப யாராச்சும் இதோட இழுத்து வெளாண்டாங்களா? தெரிஞ்சாப் போதும் தம்பி, மொதல்லேந்து பழக்கிக்கலாம்.”

கோபமே இல்லாமல் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது. “இல்லீங்க மதாம்” என்றேன்.

இழுத்து விளையாடவில்லை என்றால் வம்சத்திலேயே கோளாறு. நாய்களை உறவுக்குள்ளேயே இணை சேர்த்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. என் ஒரு சொல் அதை நிச்சயமாக்கியது. ஆனாலும் விடாமல் பல மாதம் பழக்கினார். நீலகிரித் தோட்டக்காரரிடம் வேறு வம்சத்துப் பெண் ஸ்பானியல் இருந்தது. கஃபே தேறினால் இணை சேர்க்கலாம் என்று கடிதம் எழுதியிருந்தார். மதாம் அவருக்கு எழுதிய பதில்களைத் தபாலில் சேர்த்ததும் நான்தான்.

தை அறுவடை முடிந்த போலகம் வயல். கஃபேயின் பரீட்சையைப் பார்க்கத் தோட்டக்காரரும் வந்திருந்தார். வாத்து மேய்க்கும் அஞ்சலை, “பத்திரமா வந்துரும்ல மதாம்?” என்று கேட்டுக்கொண்டே ஒரு வாத்தை வாய்க்காலில் விட்டாள். அதை உயிரோடு கொண்டுவர வேண்டும். கஃபே பாய்ந்தது, கவ்வியது, நேராக வந்தது. மதாம் “தொன்” என்றார். அது விடவில்லை. வாயைப் பிரித்து எடுத்தபோது வாத்தின் தலை தொங்கியது. “அய்யய்யோ, நெஞ்செலும்பே நொறுங்கிடுச்சே” என்றாள் அஞ்சலை.

அப்போதுதான் மதாம் ரத்தம், பழக்கம் என்று சொன்னது. தோட்டக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பழக்கத்தில் வந்த கெடுதல்தான், குட்டிகளுக்கு இறங்காது என்று தெரிந்திருந்தால், வாய் கெட்ட நாய்க்கும் அவர் பெண் நாயைக் கொடுத்திருப்பார். நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

கெட்ட ரத்தம் இதோடு நிற்கட்டும் என்று, அந்த மாதமே மதாம் லூனாவுக்குக் கருத்தடை செய்துவிட்டார். கடைசியாக அதுவும் செத்ததும் பிரான்சுக்குத் தங்கையிடம் போனார். வீடு இருந்த இடத்தில் இப்போது மாடி மாடியாக லாட்ஜ். காரைக்கால் பக்கத்தில் முட்டை விரியாமல் கவ்வி வரும் நாய் ஒன்றுகூட இல்லை. கஃபே மட்டும் என் வீட்டில் பதினோரு வருடம் வாழ்ந்தது. தினமும் சாயங்காலம் துண்டைக் கவ்வி வந்து, இழு என்று என்முன் நிற்கும்.

அது என்னிடம் வந்ததும் அந்த வயலில்தான். நான் பொய் சொல்லும் ஆளில்லை என்று சொல்லி முடித்த மதாம், வாத்தை அஞ்சலையிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். கஃபேயின் உதட்டில் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். “வேலைக்கு ஆவாது, பாவம். உங்ககிட்டன்னா சந்தோஷமா இருக்கும் தம்பி” என்று அதன் கயிற்றை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினார்.