சாவடிக்கு மேலே

எங்கள் மேட்டில் கஞ்சாப் பிசினை முதன்முதலில் தட்டி எடுத்தவர் மஃபெத்தல். அதற்கு முன்னால் ரிஃப் மலையில் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம். காய்ந்த பூவைப் புகையிலையோடு சேர்த்துப் பொடியாக அரிந்து நீளக் குழாயில் வைத்து இழுப்போம், மிஞ்சியதைச் சந்தையில் விற்போம். எழுபதுகளில் ஒரு குளிர்காலம், வேன் ஓட்டி வந்த வெளிநாட்டுச் செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் பனியில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டில் தங்கினான். அண்டாவின் வாயில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, மேலே செடியைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு குச்சியால் தட்டினால் பொன்னிறத் தூள் அடியில் இறங்கும் என்று காட்டிவிட்டுப் போனான். அவன் காட்டியது அவ்வளவுதான். எந்தத் துணி, எவ்வளவு இறுக்கம், எப்படிப்பட்ட குளிரில் தூள் சுத்தமாக விழும் என்பதையெல்லாம் மஃபெத்தல் ஒரு விளைச்சலையே பாழாக்கித் தெரிந்துகொண்டார். கேட்டவருக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தார். பிறகு குளிர்காலம் முழுக்க மலைச்சரிவெங்கும் மேளம் மாதிரி அந்தச் சத்தம்தான்.

குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மண்ணில் வேறொன்றும் உருப்படியாக விளையாது என்று அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால் கண்டுகொள்ள மாட்டார்கள். யாராவது புகார் கொடுத்தால் மட்டும் பிடிவாரண்டு வரும். புகார் கொடுக்கிறவன் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மஃபெத்தலின் வயலுக்குக் கீழ்வயல் புஷ்தாவுடையது. இருவருக்கும் ஒரே ஊற்றுத் தண்ணீர். மழை பொய்த்த ஒரு கோடையில் முறைத் தண்ணீர் விஷயமாகச் சண்டை வந்து மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மஃபெத்தல் பெயருக்கு வாரண்டு வந்தது. அவருடைய தம்பி ஒருநாள் டவுனுக்குப் போய்விட்டு வந்தான். அடுத்து புஷ்தா பெயருக்கும் வந்தது. அதில் பயிரிட்ட குற்றத்தோடு கடத்தல் குற்றமும் சேர்ந்திருந்தது.

தேவதாருக் காட்டுக்குக் கீழே, ரோடு திரும்புகிற இடத்தில் போலீஸ் சாவடி. சந்தை, ஆஸ்பத்திரி, அடையாள அட்டை புதுப்பிக்கும் ஆபீஸ், எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். அன்றிலிருந்து இரண்டு பேரும் சாவடியைத் தாண்டவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் மேல்காட்டுக்குள் ஏறிவிடுவார்கள். மஃபெத்தலின் அட்டை காலாவதியானது. மகள் நஸீஹாவுக்குத் தெத்துவான் நகரத்தில் கல்யாணம் நடந்தது. பெண்ணை என் டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு, காடு முடிகிற இடம்வரை பின்னாலேயே நடந்து வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

வியாழக்கிழமை சந்தை நாள். ஆண்கள் எல்லாரும் என் வண்டியிலும் லாரியிலுமாக இறங்கிவிடுவார்கள். மேட்டில் டீக்கடை மட்டும் திறந்திருக்கும். அதில் இந்த இரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் புஷ்தாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"எவ்வளவு நேரம்யா தனியா சீட்டக் கலைச்சுக்கிட்டே இருப்ப? பாக்கவே எரிச்சலா இருக்கு. இங்க கொண்டா."

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"உன்ன விட மோசமா யாரும் ஆட முடியாது. கொண்டா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் சீட்டுதான். தண்ணீரைப் பற்றியோ புகாரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஒரு மாசி மாதம் மஃபெத்தலின் மனைவி யாம்னாவுக்கு வயிற்றுவலி. முதலில் சூட்டுவலி என்றார்கள். உடம்பு மஞ்சளாகிவிட்ட பிறகு நான்தான் தெத்துவான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வண்டியில் ஏறும்போது, பெரிய பீப்பாயில் மாவு இருக்கிறது, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிடாதீர்கள் என்றெல்லாம் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் சரியாகப் போகவில்லை என்று நஸீஹா போனில் சொன்னதும் மஃபெத்தல் கிளம்பிவிட்டார். சாவடியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் பனியில், காட்டு வழியே ஒரு பகல் முழுக்க நடந்து கீழ்ரோட்டைப் பிடித்து பஸ்ஸும் ஏறிவிட்டார். அடுத்த ஊரில் போலீஸ்காரன் ஒருவன் பஸ்ஸில் ஏறி முன்வரிசையிலிருந்து அட்டை கேட்டுக்கொண்டு வந்தான். மஃபெத்தல் பின்கதவு வழியே இறங்கினார். வந்த வழியே நடந்தார்.

காடு முடியும் இடத்தில் அவரைத் தேடிப் பிடித்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவர் புஷ்தா. பனியில் மஃபெத்தலின் கால் விரல்கள் கறுத்திருந்தன.

யாம்னா மறுநாள் இறந்தார். மேட்டு ரோட்டைப் பனி மூடிவிட்டதால் தெத்துவானிலேயே அடக்கம் செய்தார்கள். மருமகன் குழியருகே நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். இந்தப் பக்கம் புஷ்தா போனை மஃபெத்தலின் காதில் வைத்துப் பிடித்திருந்தார். தொழுகையின் குரலை விடக் காற்றுச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது என்று மஃபெத்தல் பிறகு சொன்னார்.

வருடங்கள் போயின. சட்டப்படி பயிரிடலாம், லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று வந்தது. இளவட்டங்கள் சங்கம் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு லைசென்ஸ் கேட்கக்கூட வழியில்லை, ஆபீஸ் சாவடிக்குக் கீழே. அதற்கப்புறம் ஒரு கோடையில் ராஜாவின் அரண்மனையிலிருந்து பயிரிட்டவர்களுக்கு மன்னிப்பு வந்தது. மஃபெத்தல் பெயர் இருந்தது. புஷ்தா பெயர் இல்லை. கடத்தலுக்கு மன்னிப்பு கிடையாது.

மஃபெத்தல் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மன்னிப்புத் தாளைப் பிரித்துக் கையில் தயாராக வைத்திருந்தார். சாவடி வந்தது. இளம் போலீஸ்காரன் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பாமலே போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னார்.

"அவன் என்னப் பாக்கவே இல்லையே."

"ஆமாண்ணே."

"எப்பவும் இப்படித்தானா?"

"சில நாள் பாப்பாங்க. சில நாள் இல்ல."

வண்டியை மறுபடி எடுத்தேன். தெத்துவான் வரும்வரை தாள் பிரித்தபடியே அவர் மடியில் கிடந்தது.

கல்லறையில் அதிக நேரம் நிற்கவில்லை. மண் இறுகிவிட்டதா என்று குனிந்து அமுக்கிப் பார்த்தார். நஸீஹா தங்களோடேயே இருந்துவிடச் சொன்னாள். கொஞ்ச நாள் இருந்தார். தெருவில் வண்டி நிற்கும் போதெல்லாம் எழுந்து பின்கதவுப் பக்கம் போய் நிற்கிறார் என்று என்னிடம் சொல்லி அழுதாள். கடைசியில் அவரே என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கூட்டி வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு வண்டி ரிப்பேர், டீக்கடையில் இருந்தேன். புஷ்தா சீட்டைத் தொடவில்லை. ரொம்ப நேரம் டம்ளரைச் சுழற்றிவிட்டுக் கேட்டார்.

"சாவடில என்ன பண்ணாங்க?"

மஃபெத்தல் நிதானமாகச் சொன்னார்.

"இறக்கிட்டாங்கய்யா. தாள வாங்கி, உள்ள கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, ஒவ்வொருத்தனா வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போனான். வண்டியக்கூடக் குடைஞ்சுட்டாங்க. தப்பிச்சு ஒரு ஈ போக முடியாது."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

புஷ்தா மூச்சை விட்டார். "அப்ப நான் அன்னைக்கு உன்கூட வந்திருந்தா மாட்டியிருப்பேன்."

"மாட்டியிருப்ப."

மஃபெத்தல் என் பக்கம் திரும்பவில்லை. நான் சீட்டுக்கட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.