மகள் வேலை செய்யும் விமானம்

ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு டாக்ஸி ஓட்டுவது என் பிழைப்பு. எந்த விமானம் எந்த ஊரிலிருந்து வருகிறது, எது வழக்கமாகத் தாமதமாகும், பெட்டிகள் வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் வருகை வாசலில் நின்று நின்றே தெரிந்துகொண்டேன். பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். வருகிறவர்கள் அட்டையைப் பார்த்துக் கையசைப்பார்கள். பெட்டியை வாங்கி டிக்கியில் வைப்பேன். மலைப்பாதையில் பர்லியார் தாண்டும்போது காது அடைக்கிறது என்பார்கள். என் விமான அறிவு அவ்வளவுதான். உள்ளே போனதில்லை.

என் ஒரே மகள் விமானத்தில் வேலை செய்கிறாள். கேபின் க்ரூ. கல்லூரி முடித்ததும் கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்பு, பிறகு சில இன்டர்வியூ, பிறகு டெல்லி. என் மனைவி இருந்திருந்தால் அவ்வளவு தூரம் அனுப்ப ஒப்புக்கொண்டிருப்பாளா தெரியாது. மகள் கல்லூரியில் சேர்ந்த வருடமே அவள் இறந்துவிட்டாள். மகளும் டெல்லிக்குப் போன பிறகு ஊட்டி காந்தல் வீட்டில் நான் ஒருவன்தான். காலையில் ஒரு டம்ளர் அரிசி போட்டால் ராத்திரிக்கும் மிஞ்சும்.

மகள் போனில்தான் தன் வேலையை எனக்கு விளக்கினாள். மாதாமாதம் ரோஸ்டர் வரும், என்றைக்கு எந்த விமானம் என்ற பட்டியல். ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்குவது ஒரு செக்டர். ஒரே நாளில் நான்கு செக்டர்கூட வரும். பயணிகளை இறக்கி, இருக்கைகளைச் சரிபார்த்து, அடுத்த பயணிகளை ஏற்ற அரை மணி நேரம்தான். அதற்குள் விமானத்தை விட்டு இறங்க முடியாது. சில நாள் ஸ்டாண்ட்பை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவார்கள், உடனே ஓட வேண்டும்.

"உங்க டாக்ஸி ஸ்டாண்டு மாதிரிதாம்ப்பா. நம்ம முறை வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கோணும்."

பண்டிகை நாளில்தான் விமானங்கள் நிறைந்து போகும். அதனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளுக்கு லீவு கிடைக்காது. அவளுக்கு லீவு கிடைத்த மே மாதம் எனக்கு சீசன். வா என்று கூப்பிட்டுவிட்டு நான் பகலெல்லாம் ரோட்டில் கிடந்தால் அவள் பூட்டிய வீட்டில் என்ன செய்வாள்? அடுத்த முறை பார்க்கலாம் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒருநாள் அவள் சொன்னாள். "அடுத்த மாசம் கோயம்புத்தூர் வர்றேம்ப்பா. டெல்லில இருந்து வந்து, அப்படியே சென்னை போகுது."

"வெளிய எறங்க முடியுமா கண்ணு?"

"முடியாதுப்பா. கதவுகிட்ட நின்னு ஆளுங்கள ஏத்தோணும்."

"கம்பிகிட்ட நின்னா தூரத்துல தெரிவியா?"

"அங்கிருந்து எதுவும் தெரியாதுப்பா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். பிறகுதான் தோன்றியது. கம்பிக்கு வெளியே ஏன் நிற்க வேண்டும்? டிக்கெட் எடுத்தால் நானும் ஒரு பயணி. ஒரு மணி நேரம் அவளோடு அதே விமானத்தில் இருக்கலாம். பேச முடியாவிட்டாலும் போகிறது, நடமாடுவதைப் பார்க்கலாமே.

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் டிக்கெட் போடும் அம்மாவை எனக்குத் தெரியும். அவர் அனுப்பும் ஆட்களையும் நான் ஓட்டியிருக்கிறேன்.

"ஏனுங்க, சென்னைக்கு நீங்க பிளைட்லயா?" என்று வியந்தார்.

"ஒரு கல்யாணமுங்க" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

"இடப்பக்கம் ஜன்னல் போட்டிருக்கனுங்க. நம்ம மலை தெரியும்."

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை நேரத்தில் பதறுவாள். கதவருகே என்னைக் கண்டதும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கும் ஆசையும் இருந்தது.

அன்று காரை வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். பையில் ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலமும். நின்று நின்று கால் வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் டிக்கெட்டையும் என் முகத்தையும் பார்த்து உள்ளே விட்டார். கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பாதுகாப்புச் சோதனையில் பெல்ட், போன், பர்ஸ் எல்லாவற்றையும் தட்டில் வைத்தேன். தைலம் மட்டும் தேறவில்லை. கையில் கொண்டுபோக அது பெரிய பாட்டில் என்றார் அங்கிருந்த பெண். அதைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தேன்.

விமானத்தின் கதவருகே நின்று வணக்கம் சொன்னவள் என் மகள் அல்ல. பின்பக்கம் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எல்லோரும் ஏறும்வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். க்ரூவில் இருந்த நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக என்னைக் கடந்து போய்விட்டார்கள். நால்வரில் அவள் இல்லை. கதவைச் சாத்தினார்கள். இனி இறங்கவும் முடியாது.

பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு வந்த பெண்ணிடம் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவள் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஊட்டி அப்பாவா?"

தலையசைத்தேன்.

"காலைல டெல்லிலயே மாத்திட்டாங்க அங்கிள். கவுகாத்தி பிளைட்ல ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். அது உடனே கிளம்பணும்னு, ஏர்போர்ட்ல இருந்த உங்க பொண்ணை அங்க அனுப்பிட்டாங்க. ஸ்டாண்ட்பைல இருந்த நான் இதுக்கு வந்தேன். நீங்க வர்றது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

என் பெல்ட்டை இன்னொரு முறை இறுக்கிவிட்டுப் போனாள்.

விமானம் ஓடி எழும்பியது. இடப்பக்கம் மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. அதற்குள் எங்கோ தொட்டபெட்டா, அதற்குக் கீழே எங்கோ என் வீடு. பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஏறி உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். இவ்வளவு பேர் நடுவில் அப்படித் தனியாக நான் இருந்ததே இல்லை. மலைப்பாதையில் காலி வண்டியோடு திரும்பும்போதுகூட ஸ்டியரிங்காவது கையில் இருக்கும்.

டீ வண்டியைத் தள்ளி வைத்த பிறகு அந்தப் பெண் வந்து, "வாங்க அங்கிள், ஒரு நிமிஷம்" என்று பின்பக்கம் அழைத்துப்போனாள். கழிவறைக்கு எதிரே ஒரு குறுகலான சமையல் இடம். சுவரோடு மடங்கிய ஒரு சின்ன இருக்கை.

"பெரும்பாலும் இங்கதான் அவ உட்காருவா. ஏறும்போதும் எறங்கும்போதும்."

நான் அதன் விளிம்பைக் கையால் அழுத்திப் பார்த்தேன். கீழே வந்தது. விட்டதும் தானாக மேலே போய்விட்டது. நெஞ்சின் குறுக்கே போடும் பட்டை இரண்டும் தொங்கின. ஜன்னல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கதவில் ஒரு சின்ன வட்டம் மட்டும்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பிளாட்டு அங்கிள். தூங்கி எழுந்ததும் போன்ல ஊட்டில மழையான்னு பார்ப்பா. மழைன்னா நீங்க அந்த ரோட்டுல ஓட்டுவீங்களேன்னு அவளுக்கு ஒரே கவலை."

இதை மகள் என்னிடம் சொன்னதே இல்லை. வர்க்கிப் பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றேன்.

சென்னையில் இறங்கி, பெட்டி ஏதும் இல்லாமலே பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கே போவதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண் சொல்லிவிட்டாள் போல.

"அப்பா, எங்கிருக்கீங்க?"

"சென்னைலதான்."

"சொல்லியிருக்கலாமில்லப்பா."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? ரோஸ்டர் உங்கையிலயா இருக்குது?"

"வேண்டாம்னாவது சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"எப்படி இருந்துச்சு பிளைட்டு?"

"காது அடச்சுது" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, பெல்ட்டில் யாரும் எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய ரயிலிலேயே மேட்டுப்பாளையம் வந்து பஸ் ஏறிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். ஆடியில் சுற்றுலாக்காரர்கள் குறைவு, எனக்கும் வேலை இல்லை. வந்த முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். சின்ன வீடு, நான் நடந்தாலே சத்தம் கேட்கும். அதனால் வெளியே நிறுத்தியிருந்த காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டம்மா குடையோடு போகும்போது கண்ணாடியைத் தட்டினார்.

"பாப்பா வந்திருக்குதுங்களாமா?"

"ஆமாங்க. தூங்குதுங்க."

அடுத்த நாள் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "டெல்லிக்கு வந்து எங்கூட இருக்கீங்களாப்பா? தனி வீடு பார்த்துக்கலாம்."

"அங்க வந்து நான் என்ன பண்றது கண்ணு?"

"சும்மா இருங்க."

"நீ பாதி நாளு வேற வேற ஊர்ல இருப்ப. அங்கயும் நான் தனியாத்தான இருக்கோணும். இங்கன்னா ரோடாவது தெரியும்."

அவள் மறுக்கவில்லை. மறுப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். குழம்பை எடுத்து என் சோற்றில் ஊற்றினாள். "சரிப்பா. ஆனா நானே வருவேன். சீசன் இல்லாத மாசமாப் பார்த்துக் கேட்கறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளைக் கீழே கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடக் கிளம்பினேன். பின்னால் உட்காரச் சொன்னேன், கால் நீட்டிக்கொள்ளலாம் என்று. கேட்கவில்லை. முன்சீட்டில் ஏறிக்கொண்டு குன்னூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். வளைவுகளில் அவள் தலை கண்ணாடியில் இடித்துவிடாதபடி மெதுவாகவே இறக்கினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒதுங்கி வழிவிட்டேன்.