ஏழு ஏ ஷெட்டின் வெயில்

மைதிலிக்கு ஒத்திகையில் தோல்வியே கிடையாது. நாமக்கல் விடுதிப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ படித்தபோது பதினான்கு மாதிரித் தேர்வுகள் நடந்தன. பதினான்கிலும் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. பொதுத்தேர்வில் நூற்று அறுபத்தொன்பது. அதே பாடம், அதே பேனா, தேர்வுக்கூடம் மட்டும் வேறு. இப்போது முப்பத்தொரு வயதில் அவள் சம்பளம் வாங்குவதும் இதற்காகத்தான்: ஒத்திகையில் ஓடியது நிஜத்தில் ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்க. இந்த வேலைக்கு அவளைவிட அனுபவசாலி கிடைப்பது கடினம்.

தினமும் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அலுவலகம் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில். கீழே நாள் முழுக்கத் தகரம் அடிப்பார்கள். மேலே ஐந்து பேர் கோழிப்பண்ணைகளுக்கு இணையதளம் எழுதுவார்கள். அவளுடைய தளம் எளிமையானது. ஒவ்வொரு ஷெட்டிலும் தொங்கும் கருவி அங்குள்ள சூட்டைத் தளத்துக்குச் சொல்லும். முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் தளமே அந்த ஷெட்டின் ஃபாகரைத் திறந்து மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளிக்கும். சூடான ஷெட்டில் தண்ணீர் ஓடினால் திரையில் அதன் கட்டம் பச்சை.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு வெள்ளியங்கிரி போன் செய்தார். நாச்சிமுத்துக் கவுண்டரின் பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொள்பவர்.

"ஏனுங் மேடம், ஏழு ஏ ஷெட்டுல ஃபாகரே வரலீங்களே. கோழியெல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டு எளைக்குது."

"எல்லாமே பச்சையா இருக்குதுங்களே அண்ணா."

"உங்களுக்குப் பச்சைங்க. இங்க நாலஞ்சு ஏற்கெனவே படுத்துருச்சு."

"கை சுவிட்சைப் போட்டு விடுங்க."

"பெட்டியைப் பூட்டி வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே. சாவி மொதலாளிகிட்ட. மொதலாளி சங்ககிரில கல்யாணத்துல."

உண்மைதான். வேலையாட்கள் தங்களுக்கு வியர்த்தால் கோழிக்கும் வியர்க்கும் என்று நினைத்துச் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள், கணினியின் கணக்குக் கெடுகிறது என்று சொல்லிப் பூட்டு வாங்கவைத்தவள் அவள்தான். கோழிக்கு வியர்க்காது என்பதைச் செய்முறைக் குறிப்பிலும் எழுதியிருந்தாள். வியர்க்காததால்தான் அது வெயிலில் சாகிறது என்பதை எழுதவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அடித்தாள். மணி போனது; எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கெட்டி மேளத்தில் யாருக்கும் போன் கேட்காது. வெள்ளியங்கிரியும் அவர் மனைவி நல்லம்மாளும் சாக்கை நனைத்துக் கட்டித் தொங்கவிட்டு, ஹோஸால் கூரைக்குத் தண்ணீர் அடிப்பதாகச் சொன்னார்கள். ஆறாயிரம் கோழி, ஒரு ஹோஸ். முக்கால் மணி நேரம் தாங்கும் என்பது வெள்ளியங்கிரியின் மதிப்பு. அவர் குரலைக் கேட்டால் அதுவும் மரியாதைக்குச் சொன்னதுபோல இருந்தது.

மைதிலி தன் கணினியில் இருந்த ஒத்திகைப் பண்ணையைத் திறந்தாள். அங்கே பத்து ஷெட்டுகள், ஒன்று முதல் பத்துவரை. வரிசையில் ஏழு ஏ நிற்கும் இடத்தில் அங்கே இருந்த எட்டாவது ஷெட்டுக்குப் பொய்யாக முப்பத்தொன்பது டிகிரி கொடுத்தாள். ஃபாகர் திறந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி திறந்தது. மூன்றாவது முறையும் கொடுத்தாள், ஏதாவது கெட்டுப்போய்க் காட்டாதா என்ற ஆசையில். அது வீம்புக்கு ஒழுங்காக வேலை செய்தது.

அலுவலகத்தின் முதலாளி தனபால் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"என்னாச்சு?"

"என் மெஷின்ல ஓடுது சார்."

"அப்ப கோழியை உன் மெஷினுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு."

இந்தப் பண்ணைக்குத் தளத்தை ஏற்றி ஓடவிட்டது புதன்கிழமை. புதனும் வியாழனும் வானம் மூடிக் கிடந்ததால் எந்த ஃபாகருக்கும் வேலை வரவில்லை. ஆக, இன்றுதான் பொதுத்தேர்வு.

வெள்ளியங்கிரி மறுபடி அழைத்தார்.

"இப்ப விழுந்ததோட பன்னெண்டு கோழி ஆச்சுங்க. நல்லம்மா அழுதுக்கிட்டே தண்ணி அடிக்கறா. இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. பக்கத்துல ஏழாம் நெம்பர்ல பத்தரை மணியிலிருந்து நிக்காம மழை பேயுது. அதுக நனைஞ்சு நடுங்குதுக. இங்க ஒரு சொட்டு இல்லீங்க."

"ஏழுல நிக்கவே இல்லீங்களா?"

"நிக்கவே இல்லைங்கறனே."

அவள் திரையில் இருந்த பச்சைக் கட்டங்களை எண்ணினாள். ஒன்பது. பண்ணையில் ஷெட்டுகள் பத்து. இன்னொரு முறை எண்ணினாள். இரண்டு நாளாகக் கட்டங்கள் அழகாக இருக்கின்றன என்று பார்த்தாளே தவிர, எண்ணவில்லை.

நாச்சிமுத்துவின் பண்ணையில் எட்டாம் நம்பர் ஷெட் இல்லை. எட்டு சனிக்கு உரியது என்று அவருக்குக் கலக்கம். அவருடைய லாரி எண்ணைக் கூட்டினாலும் எட்டு வராது. ஏழுக்கு அடுத்தது ஏழு ஏ, அதற்கடுத்தது ஒன்பது என்று சுவரில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். புதனன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "செவுத்துல இருக்கற மாதிரியே போடு அம்மிணி. பன்னெண்டுக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடிச்சுரு" என்றார். மனதுக்குள் சிரித்துக்கொண்டே பண்ணையின் அமைப்புக் கோப்பில் அவள் '7A' என்று அடித்தாள். நம்பிக்கை இல்லாதவள்தான், ஆனால் பெரியவர் அவசரத்துக்குக் கட்டுப்பட்டுக் கடைசிச் சரிபார்ப்பை விட்டுவிட்டு, பதினொன்று ஐம்பதுக்குத் தளத்தை ஏற்றிவிட்டாள்.

நிரலில் ஒரு வரி இருந்தது: பெயரில் எண்ணை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு. யாராவது 'ஷெட் 3' என்று அடித்தாலும் தளம் குழம்பக்கூடாது என்று மைதிலியே எழுதிய முன்ஜாக்கிரதை வரி. அதன் பார்வையில் ஏழு ஏ என்பதும் ஏழுதான். ஏழு ஏ வெந்தது. தளம் ஏழுக்குத் தண்ணீர் விட்டது. கடமை முடிந்தது என்று பச்சை காட்டியது.

அமைப்புக் கோப்பில் '7A'வை அழித்து '8' என்று அடித்தாள். தளத்தை நிறுத்தித் திரும்ப எழுப்ப வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பண்ணையில் எந்த ஷெட்டுக்கும் தண்ணீர் வராது. விரல் பொத்தான் மேல் நின்றது. பிறகு அழுத்தினாள். போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான கோழிகள் மூச்சுவிடும் இரைச்சல். இந்தப் பக்கம் கீழே தகரச் சத்தம்.

"வந்துருச்சுங்க," என்றார் வெள்ளியங்கிரி. கொஞ்சம் பொறுத்து, "முப்பத்தொண்ணு போச்சு. மத்ததுக நிமிருது."

இரண்டரைக்கு நாச்சிமுத்து அழைத்தார். தனபால் எதிரில் நின்று, நெட்வொர்க் பிரச்சினை என்று சொல்லும்படி வாயசைத்தார். மைதிலி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள்: தப்பு தன்னுடையது, கடைசியில் சரிபார்க்கவில்லை, இப்போது கோப்பில் எட்டு என்று மாற்றியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.

"எட்டுன்னு எப்ப போட்ட?"

"ஒண்ணே காலுக்குங்க."

"அப்பறம் எதாச்சும் செத்துச்சா?"

"ரெண்டு செத்துச்சுன்னு வெள்ளியங்கிரி அண்ணன் சொன்னாருங்க."

"பாத்தியா," என்றார். மொத்தம் முப்பத்துமூன்றில் மற்ற முப்பத்தொன்றும் ஏழு ஏ என்ற பெயரில்தான் செத்தன என்பது அவர் கணக்கில் வரவில்லை. "ஆறாயிரத்தைக் காப்பாத்துன, சரி. சாவியை வெள்ளியங்கிரிகிட்டயே குடுத்தர்றேன். பொழுது சாயறதுக்குள்ள ஏழு ஏன்னு மாத்திப் போடு சாமி. எண்ணிப் பாத்துப் போடு."

அன்று ஐந்து மணிக்குள், எழுத்தையும் சேர்த்துப் படிக்கும்படி நிரலை மாற்றினாள். முதலில் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. ஒத்திகைப் பண்ணையைத் திறந்து, எட்டாம் ஷெட்டை அழித்துவிட்டு, ஏழு ஏ என்று அடித்தாள். கட்டங்களை எண்ணினாள். பத்து. சனி, ராகு எதிலும் நம்பிக்கையில்லாத மைதிலியின் கணினியில் அன்றிலிருந்து எட்டு என்ற ஷெட் கிடையாது.