நூறு நியூட்டன்

தனுவச்சபுரத்தில் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், மஸ்கட்டில் வேலை செய்யும் அப்பாவிடம் வீடியோ காலில் பேசும்போது இயற்பியல் கணக்கும் போடுவாள். அன்று அவளே ஒரு கணக்கை உண்டாக்கினாள்.

“அப்பா, அம்மைக்கு மாஸ் ஐம்பது கிலோ. நீங்க வந்து இறங்கினா ஓடி வரும். ஆக்ஸிலரேஷன் ரெண்டுன்னு வச்சுக்கிடுங்க. போர்ஸ் எவ்வளவு?”

“ரெண்டையும் பெருக்கினா நூறு நியூட்டன் ஆக்கும்” என்று சிரித்தவர், மெதுவாகக் கேட்டார். “மக்கா, அம்மை ஓடி வருவாளா?”

அடுப்படியில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘இங்கே ஒரு குறையும் இல்லை’ என்று நான் எப்போதும் சொன்னதை அவர் நம்பி, நான் அவரைத் தேடவே இல்லை என்று நினைத்திருக்கிறார். ஈரக்கையோடு போனை வாங்கினேன்.

“ஓடி வருவேன். நீங்க வாருங்க.”

“வாறேன்” என்றார் அவர்.

அவருக்கு விடுமுறை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் காத்திருப்பதை இப்போது நான் அவரிடம் மறைப்பதில்லை.