ஒரே பெயரில் இரண்டு சத்துமாவு

என் மகளுக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. அதனால் பெரம்பலூரில் தயாராகும், முந்திரி சேர்க்காத ‘பிஞ்சுமணி’ சத்துமாவுதான் வாங்குவேன். சென்ற மாதம் ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது மாவு தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பாக்கெட்டின் நிறம் வேறாக இருந்தது.

“இப்ப மாத்திருப்பாங்க, எடுத்துட்டுப் போம்மா” என்றார் கடைக்காரர்.

இரண்டு வாய் ஊட்டுவதற்குள் குழந்தையின் உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

“இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா புள்ள பொழைக்கிறது கஷ்டம்மா” என்றார் டாக்டர்.

அவள் தேறியதும் பாக்கெட்டைப் பார்த்தேன்; அதே பெயரில் வேறொரு கம்பெனி. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன்.

“அந்தப் பேரு எங்களுதும்மா. பெரம்பலூர்க்காரங்கதான் எங்களப் பாத்து வெச்சுக்கிட்டாங்க” என்றார் அந்தக் கம்பெனி முதலாளி.

பெரம்பலூர் கம்பெனிக்கும் பேசினேன். “நாங்கதான் முதல்ல வெச்சோம், கேஸ் நடக்குதுங்க. அந்த பாக்கெட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க, கோர்ட்டுல காட்டணும்” என்றார்கள்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று இருவருமே கேட்கவில்லை.

அவர்களை மட்டும் சொல்லி என்ன? பாக்கெட்டின் பின்பக்கம் முந்திரி என்று அச்சிட்டுத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பெயராக இருந்தாலும், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படிக்காமல் வாங்குவதில்லை. படித்த பிறகும், முதல் வாய் ஊட்டிவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, பெரம்பலூர்