மடி கொடுக்க மறுத்தேன்

என் தங்கை செல்வி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தாள். இருக்கன்குடி கோயிலில் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் நான்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "யார் பெத்த பிள்ளையோ, நான் வரல" என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலையில் மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். அவளோடு பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மடி கொடுக்க மூன்று பேர் போட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டீகளாண்ணே? வரிசையில நில்லுங்க" என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அவுகள எந்திரிக்கச் சொல்லு தாயி. நான்தான் மாமன்" என்றேன்.

செல்வி அவர்களை எழுப்பி என்னை உட்கார வைத்தாள். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்தாள். காது குத்தியதும் அது என் கையைக் கடித்துவிட்டது. நான் கையை எடுக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கம் யார் தத்தெடுத்தாலும், கூப்பிடும் முன்பே போய், மடி கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறேன்.